விர்ச்சுவல் மெஷினில் வரும் பொய்யான ‘இணையம் இல்லை’ எச்சரிக்கை: காரணம் கண்டு சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

விர்ச்சுவல் மெஷினுக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பிரவுசர் வேலை செய்கிறது, ஃபைல் டவுன்லோடு ஆகிறது, ரிமோட் சர்வருக்குள் நுழையவும் முடிகிறது. ஆனால் திரையின் மூலையில் மட்டும் ‘இணையம் இல்லை’ என்ற குறி நிற்கிறது. வெறும் ஐகான்தானே என்று விட்டுவிடலாம் என்றால், பல மென்பொருள்கள் இணையம் இருக்கிறதா என்று தாங்களே சோதிப்பதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் கேட்கின்றன. அது ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் ஆபீஸ் லாகின் நின்றுபோகும், ஆப் ஸ்டோர் திறக்க மறுக்கும், லினக்ஸில் அப்டேட் கருவி ‘ஆஃப்லைன்’ என்று கைவிரிக்கும்.

அந்தச் சோதனையையே அணைத்துவிடு என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு. விண்டோஸ் கெஸ்ட்டில், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் விண்டோஸில், அது பல நேரம் எச்சரிக்கையைப் போக்குவதற்குப் பதில் நிரந்தரமாக்கிவிடும். ஏன் என்பது கீழே வருகிறது. எந்தச் சோதனை, எந்த இடத்தில் தோற்றது என்று கண்டுபிடிப்பதுதான் சரியான வழி. அதற்கு அதிக நேரமும் ஆகாது.

எச்சரிக்கையை எழுப்புவது யார்?

விண்டோஸில் இந்தத் தீர்ப்பைச் சொல்வது என்சிஎஸ்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பகுதி. விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. நெட்வொர்க் அடாப்டர் உயிர்பெறும்போதெல்லாம் இது இரண்டு காரியங்கள் செய்யும். ஒன்று, டபிள்யூடபிள்யூடபிள்யூ டாட் எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட் டாட் காம் என்ற முகவரியிலிருந்து கனெக்ட்டெஸ்ட் டாட் டிஎக்ஸ்டி என்ற சிறு ஃபைலைச் சாதாரண ஹெச்டிடிபி வழியே கேட்கும். பதிலாக ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற 22 எழுத்து ஆங்கில வரி மட்டுமே வர வேண்டும். இரண்டு, டிஎன்எஸ் டாட் எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ டாட் காம் என்ற பெயருக்கு டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி முகவரி தரும் சேவை) 131.107.255.255 என்ற விடை வருகிறதா என்று பார்க்கும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்புக்கு முந்தையவை முதல் சோதனைக்கு வேறு முகவரியைப் பயன்படுத்தின: டபிள்யூடபிள்யூடபிள்யூ டாட் எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ டாட் காம்.

இதோடு இன்னொரு முறையும் உண்டு. தானாக எதையும் அனுப்பாமல், வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுகள் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டி வந்தன என்று கணக்கிட்டு, போதிய தூரத்திலிருந்து வந்திருந்தால் ‘இணையம் உண்டு’ என்று முடிவுசெய்வது. நிஜக் கணினியில் இது நன்றாக வேலை செய்யும். விர்ச்சுவல் மெஷினில் நிலைமை வேறு. மெஷினை ஓட்டும் மென்பொருள்களான விர்ச்சுவல்பாக்ஸின் நாட் (கெஸ்ட்டை ஹோஸ்ட்டின் முகவரி வழியே வெளியே அனுப்பும் அமைப்பு), கியூஎமுவின் யூசர் மோட் இரண்டும் கெஸ்ட்டின் டிசிபி இணைப்பைத் தாங்களே முடித்துவைத்து, ஹோஸ்ட்டிலிருந்து (மெஷின் ஓடும் நிஜக் கணினி) புதிதாக இன்னொரு இணைப்பைத் திறக்கின்றன. கெஸ்ட்டுக்கு வரும் பாக்கெட்டுகள் பக்கத்தில் இருக்கும் அந்த நாட் இன்ஜினே தயாரித்தவை. பல ரவுட்டர் தாண்டி வந்த அடையாளம் அவற்றில் இருக்காது. ஆகவே நேரடிச் சோதனையை அணைத்துவிட்டு இந்தக் கணக்கை மட்டும் நம்பினால், நாட்டுக்குப் பின்னால் இருக்கும் விண்டோஸ் கெஸ்ட் இணையத்தைக் கண்டுகொள்ளாமலேயே இருந்துவிடலாம்.

முதல் வேலை: எச்சரிக்கை பொய்தானா?

ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கியூஎமுவின் யூசர் மோடில் வெளியுலகுக்கு பிங் போகாமல் இருப்பது சகஜம். கெஸ்ட்டின் கேட்வேயான (வெளியே போகும் வாசல்) 10.0.2.2 பதில் சொல்லும், அதற்கு அப்பால் எதுவும் பதில் சொல்லாது, ஆனால் இணையம் முழுமையாக வேலை செய்யும். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி பாக்கெட்டை அனுப்ப ஹோஸ்ட்டில் தனி உரிமை தேவைப்படுவதுதான் காரணம். எனவே கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. கெஸ்ட்டின் ஐபி முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல், லினக்ஸில் ஐபி ஏ. 169.254 என்று தொடங்கினால் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை. எச்சரிக்கை உண்மைதான், இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

2. முகவரியை வைத்தே எந்த வகை நெட்வொர்க் என்று சொல்லிவிடலாம். 10.0.2.15 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் நாட் அல்லது கியூஎமு யூசர் மோட், கேட்வே 10.0.2.2, டிஎன்எஸ் 10.0.2.3. 192.168.122 என்று தொடங்கினால் லிப்விர்ட்டின் இயல்பு நெட்வொர்க். கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் 192.168.122.1. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனின் நாட்டில் கேட்வே 2 என்று முடியும், ஹோஸ்ட் 1 என்று முடியும். வீட்டு ரவுட்டர் தரும் வரிசையிலேயே முகவரி இருந்தால் அது பிரிட்ஜ், அதாவது கெஸ்ட் நேரடியாக வீட்டு நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கிறது.

3. கமாண்ட் பிராம்ப்டில் கர்ல் கட்டளை கொண்டு மேலே சொன்ன கனெக்ட்டெஸ்ட் ஃபைலைக் கேளுங்கள். முகவரியின் தொடக்கம் ஹெச்டிடிபி ஆகத்தான் இருக்க வேண்டும், ஹெச்டிடிபிஎஸ் போட்டால் சோதனை வேறாகிவிடும். பவர்ஷெல்லின் பழைய பதிப்பில் கர்ல் என்ற பெயர் வேறொரு கட்டளைக்குப் போய்விடும். அதனால்தான் கமாண்ட் பிராம்ப்ட்.

4. என்எஸ்லுக்அப் கொண்டு டிஎன்எஸ் டாட் எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ டாட் காம் பெயரைத் தேடுங்கள். 131.107.255.255 வர வேண்டும்.

5. பவர்ஷெல்லில் கெட்-நெட்கனெக்‌ஷன்புரொஃபைல் கட்டளையை இயக்குங்கள். ஐபிவி4 கனெக்டிவிட்டி என்ற வரியில் ‘இன்டர்நெட்’ என்று இருந்தால் சிஸ்டத்தின் கணிப்பு சரியாகவே இருக்கிறது. பழுது ஐகானிலோ குறிப்பிட்ட ஆப்பிலோதான். ‘லோக்கல்நெட்வொர்க்’ அல்லது ‘நோடிராஃபிக்’ என்றால் கணிப்பே தவறு. ஐபிவி6 வரியில் ‘நோடிராஃபிக்’ இருப்பது பெரும்பாலான நாட் அமைப்புகளில் இயல்பு. அதைத் துரத்த வேண்டாம்.

இவற்றைவிடப் பயனுள்ள இடம் ஒன்று இருக்கிறது. ஏனோ பலரும் அங்கே போவதில்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், என்சிஎஸ்ஐ, ஆபரேஷனல் என்று இறங்குங்கள். 4042 எண் கொண்ட நிகழ்வுகளில் நிலை மாறிய காரணமே எழுதப்பட்டிருக்கும். ‘ஆக்டிவ்ஹெச்டிடிபிபுரோப்ஃபெயில்ட்’ என்றால் ஃபைல் சோதனை தோற்றது. அதோடு ‘பட்டிஎன்எஸ்சக்சீடட்’ என்ற வாலும் சேர்ந்திருந்தால் டிஎன்எஸ் சரி, ஹெச்டிடிபிதான் அடைபட்டிருக்கிறது; நேராக பிராக்ஸி, ஃபயர்வால் பகுதிக்குப் போகலாம்.

மறுசோதனையைத் தூண்டுவது

விர்ச்சுவல் மெஷினில் பொய் எச்சரிக்கைக்குச் சாதாரணக் காரணம் பழைய தீர்ப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது. முன்பு சேமித்துவைத்த நிலையான ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினீர்கள், அல்லது நிறுத்திவைத்த மெஷினை மீண்டும் ஓடவிட்டீர்கள். கெஸ்ட்டின் பார்வையில் கேபிள் கழற்றப்படவே இல்லை. ஆகவே புதிதாகச் சோதிக்கக் காரணமும் இல்லை. ஹோஸ்ட்டோ இதற்குள் வேறு வைஃபைக்கு மாறியிருக்கும். லேப்டாப் தூங்கி எழுந்ததும் ஹோஸ்ட்டின் வைஃபை இணையச் சில நொடிகள் ஆகும், கெஸ்ட் அந்த இடைவெளியில் சோதித்துத் தோற்றிருக்கும்.

இதற்கு மெஷினை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினால் போதும், அதுவும் வெளியிலிருந்தே. விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் ஜன்னலின் டிவைசஸ் மெனுவில் நெட்வொர்க்கின் கீழ் கனெக்ட் நெட்வொர்க் அடாப்டர் என்பதை எடுத்துவிட்டு, ஐந்து நொடி கழித்து மீண்டும் போடுங்கள். விஎம்வேரில் ரிமூவபிள் டிவைசஸ் மெனுவில் டிஸ்கனெக்ட், பிறகு கனெக்ட். விர்ட்-மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் விவரத்தில் லிங்க் ஸ்டேட் டிக். ஹைப்பர்-வியில் மெஷின் செட்டிங்ஸில் ஸ்விட்சை ‘நாட் கனெக்டெட்’ ஆக்கி அப்ளை செய்து, பழைய ஸ்விட்சையே மறுபடி தேர்ந்தெடுங்கள். கெஸ்ட் இதை உண்மையான கேபிள் துண்டிப்பாகவே எடுத்துக்கொண்டு டிஹெச்சிபியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

ஹைப்பர்-வியின் டிஃபால்ட் ஸ்விட்ச் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹோஸ்ட் ரீஸ்டார்ட் ஆகும்போது அதன் முகவரி வரிசை மாறக்கூடும். கெஸ்ட்டில் நிலையான ஐபி கொடுத்திருந்தால் நேற்று ஓடியது இன்று ஓடாது. அங்கே டிஹெச்சிபியே சரி. நிலையான முகவரி கட்டாயம் தேவை என்றால் தனி இன்டர்னல் ஸ்விட்ச் உருவாக்கி, அதற்கு நீங்களே நாட் அமைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்எஸ்: அதிகம் தவறும் இடம்

என்எஸ்லுக்அப்பில் 0.0.0.0 அல்லது 127.0.0.1 வந்தால் யாரோ அந்தப் பெயரைத் தடுத்திருக்கிறார்கள். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சர்வர், வீட்டு ரவுட்டரின் வடிகட்டி, விண்டோஸ் தகவல் அனுப்புவதைத் தடுக்கும் கருவி என யாராகவும் இருக்கலாம். கெஸ்ட்டின் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து எம்எஸ்எஃப்டி என்று தேடிப் பாருங்கள். அந்த வகைக் கருவிகள் சோதனை முகவரிகளையும் சேர்த்தே தடுத்துவிடும் பழக்கம் உண்டு. என்எஸ்லுக்அப் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் படிக்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும் என்பதால், அதில் சரியான விடை வந்தும் சோதனை தோற்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைல்தான் முதல் சந்தேகம்.

பெயர்களுக்கு விடையே வராமல் தாமதமானால் நாட்டின் டிஎன்எஸ் இடைத்தரகர் சிக்கியிருக்கிறார். ஹோஸ்ட்டில் விபிஎன் போட்டாலோ எடுத்தாலோ ஹோஸ்ட்டின் டிஎன்எஸ் சர்வர் மாறும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கலாம். சோதிக்கும் முறை: கெஸ்ட் அடாப்டரில் தற்காலிகமாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால் குற்றவாளி உறுதி. ஆனால் அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்வது நல்லதல்ல. அலுவலக உள்பெயர்கள் தெரியாமல் போகும். விர்ச்சுவல்பாக்ஸில் மெஷினை முழுவதுமாக அணைத்துவிட்டு, விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைவிஎம் கட்டளையில் நாட்டிஎன்எஸ்ஹோஸ்ட்ரிசால்வர்1 என்ற விருப்பத்தை ‘ஆன்’ ஆக்குங்கள். கடைசியில் உள்ள 1 முதல் அடாப்டரைக் குறிக்கும். நாட் இரண்டாவது அடாப்டரில் இருந்தால் 2. இதன்பின் கெஸ்ட்டின் கேள்விகளை ஹோஸ்ட்டின் சொந்த ரிசால்வரே கையாளும், விபிஎன் மாற்றமும் தானாகப் பின்தொடரும்.

விஎம்வேர் விண்டோஸ் ஹோஸ்ட்டில் ஓடுகிறது என்றால், சர்வீசஸ் ஜன்னலில் விஎம்வேர் நாட் சர்வீஸ், விஎம்வேர் டிஹெச்சிபி சர்வீஸ் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்வது விரைவான வழி.

கர்ல் ஜெயிக்கிறது, என்சிஎஸ்ஐ தோற்கிறது

பலரைக் குழப்பும் நிலை இதுதான். கர்லை ஓட்டுவது நீங்கள். என்சிஎஸ்ஐயோ சிஸ்டம் சர்வீஸுக்குள் ஓடுகிறது. இருவருக்கும் விதிகள் வேறு.

முதலில் பிராக்ஸி, அதாவது இணைப்பை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ பிராக்ஸி என்று கேளுங்கள். டிராஃபிக்கை ஆராயும் கருவி எதையாவது எப்போதோ நிறுவி நீக்கியிருந்தால், 127.0.0.1 முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் இங்கே மிச்சமிருக்கும். பிரவுசருக்குத் தனி அமைப்பு என்பதால் அது பாட்டுக்கு ஓடும். ‘ரீசெட் பிராக்ஸி’ கொடுத்து நீக்கிவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு புரோகிராமாக அனுமதி கேட்கும் வகை ஃபயர்வால். சிஸ்டம் சர்வீஸ்களை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் வெளியே போவதை அது தடுத்திருந்தால் பிரவுசரும் கர்லும் ஓடும், சோதனை மட்டும் தோற்கும். போர்ட் 80 முழுவதுமாக மூடப்பட்ட அலுவலக நெட்வொர்க்கிலும் இதே அறிகுறிதான்: ஹெச்டிடிபிஎஸ் தளங்கள் எல்லாம் திறக்கும், சோதனை மட்டும் போர்ட் 80-இல் முட்டி நிற்கும். இங்கே கெஸ்ட்டில் செய்ய எதுவும் இல்லை. நெட்வொர்க் நிர்வாகியிடம் அந்த ஒரு முகவரிக்கு அனுமதி கேட்பதே வழி.

மூன்றாவது, சோதனையே அணைக்கப்பட்டிருப்பது. விண்டோஸை இலேசாக்கும் ஸ்கிரிப்ட் ஓட்டிய இமேஜ்களில் இதுவே முதல் சந்தேகம். ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், என்எல்ஏஎஸ்விசி, பாராமீட்டர்ஸ், இன்டர்நெட் என்ற வழியில் போய் எனேபிள்ஆக்டிவ்புரோபிங் மதிப்பைப் பாருங்கள். 1 இருக்க வேண்டும். பிறகு ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், நெட்வொர்க்கனெக்டிவிட்டிஸ்டேட்டஸ்இன்டிகேட்டர் என்ற இடத்தில் நோஆக்டிவ்புரோப் மதிப்பு 1 ஆக இருந்தால் அதை நீக்குங்கள். குரூப் பாலிசி வழியே வந்திருந்தால் அங்கேயே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் செய்த மாற்றம் திரும்பப் பழையபடி ஆகிவிடும். முடித்தபின் மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட். விர்ச்சுவல் மெஷினின் வசதியே அதுதானே.

இரண்டு அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு

நாட் ஒன்று, ஹோஸ்ட்டுடன் மட்டும் பேசும் ஹோஸ்ட்-ஒன்லி ஒன்று என்று இரண்டு அடாப்டர் வைப்பது பரவலான அமைப்பு. ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரில் ‘அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க், இணையம் இல்லை’ என்று வருவது பொய்யல்ல, அதில் இணையம் இல்லவே இல்லை. அப்படியே விடுங்கள். தவறு நேர்வது அந்த அடாப்டரில் கேட்வே ஒன்றைக் கையால் கொடுக்கும்போதுதான். இரண்டு இயல்பு வழிகள் உருவாகி, சோதனை தவறான வழியில் போய்த் தோற்கும், மற்ற டிராஃபிக்கும் அவ்வப்போது தடுமாறும். ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டருக்கு ஐபியும் சப்நெட் மாஸ்க்கும் போதும். கேட்வே, டிஎன்எஸ் கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும்.

பிரிட்ஜ் அமைப்பில், குளோன் செய்த இரு மெஷின்கள் ஒரே மேக் முகவரியுடன் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஓடினால் எச்சரிக்கை வந்து வந்து போகும். குளோன் செய்யும்போதே புதிய மேக் முகவரி உருவாக்கச் சொல்லுங்கள். விஎம்வேரில் விஎம்நெட்0 ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் அது விபிஎன் அடாப்டரையோ வேறொரு விர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் அடாப்டரையோ பிடித்துக்கொள்ளலாம். விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரில் சரியான கார்டைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ் கெஸ்ட்

இங்கே தீர்ப்பு சொல்வது நெட்வொர்க்மேனேஜர். என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக் என்று கேட்டால் ஃபுல், லிமிடெட், போர்ட்டல், நன், அன்னோன் என்பவற்றில் ஒன்று வரும். ‘செக்’ என்ற கடைசிச் சொல் முக்கியம். அது இல்லாவிட்டால் நினைவில் வைத்திருக்கும் பழைய விடையே வரும். சோதனை முகவரி டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும். உபுண்டுவில் கனெக்டிவிட்டி-செக் டாட் உபுண்டு டாட் காம். ஃபெடோராவில் ஃபெடோராபுராஜெக்ட் டாட் ஓஆர்ஜி தளத்தின் ஹாட்ஸ்பாட் டாட் டிஎக்ஸ்டி. இயல்பாக 300 நொடிக்கு ஒருமுறை சோதிக்கும். ஆகவே நீங்கள் சரிசெய்த பிறகும் குறி ஐந்து நிமிடம் வரை நின்றால் பதற வேண்டாம்.

லினக்ஸில் பொய் எச்சரிக்கைக்கு ஓர் உண்மையான விளைவும் உண்டு. சோதனை தோற்ற அடாப்டரின் இயல்பு வழிக்கு நெட்வொர்க்மேனேஜர் மெட்ரிக்கில் (வழியின் முன்னுரிமை எண், சிறியதே முதலில்) 20000 சேர்த்துவிடும். ஐபி ரூட் கட்டளையில் 20100 போன்ற எண் தெரிந்தால் காரணம் இதுதான். ஒரே அடாப்டர் என்றால் கேடில்லை. இரண்டு இருந்தால் டிராஃபிக் மற்றதன் வழியே போகத் தொடங்கும்.

சர்வர் பதிப்பை நிறுவி, மேலே டெஸ்க்டாப் சேர்த்த உபுண்டு மெஷின்களில் வருவது வேறு வகை. நெட்வொர்க்கை நடத்துவது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. டெஸ்க்டாப் கேட்பதோ நெட்வொர்க்மேனேஜரை. அதன் கையில் அடாப்டரே இல்லை. என்எம்சிஎல்ஐ டிவைஸ் கட்டளையில் ‘அன்மேனேஜ்டு’ என்று வந்தால் இதுதான். ஏபிடி டெர்மினலில் வேலை செய்யும், கிராஃபிகல் அப்டேட் கருவி மட்டும் ஆஃப்லைன் என்று அடம்பிடிக்கும். ஈடிசி, நெட்பிளான் ஃபோல்டரில் உள்ள ஒய்ஏஎம்எல் ஃபைலில் ரெண்டரர் வரியை நெட்வொர்க்மேனேஜர் என்று மாற்றி, சூடோ நெட்பிளான் டிரை கொடுங்கள். 120 நொடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். ரிமோட்டில் இருந்து செய்பவர்களுக்கு இது உயிர்நாடி.

இணையத்துக்கே போகாத ஆய்வக மெஷின் என்றால் லினக்ஸில் சோதனையைத் தயங்காமல் அணைக்கலாம். ஈடிசி, நெட்வொர்க்மேனேஜர், கான்ஃப் டாட் டி ஃபோல்டரில் புதிய கான்ஃப் ஃபைலில் சதுர அடைப்புக்குள் கனெக்டிவிட்டி என்ற தலைப்பும், கீழே எனேபிள்டு சமக்குறி ஃபால்ஸ் என்ற வரியும் எழுதி, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். விண்டோஸைப் போல இங்கே அது திருப்பித் தாக்காது.

ஆண்ட்ராய்டு எமுலேட்டர்

வைஃபை குறியில் வியப்புக்குறி தெரிந்தால் முதலில் கெஸ்ட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஹெச்டிடிபிஎஸ் வழியாகவும் சோதிக்கும். தேதி பின்தங்கியிருந்தால் சான்றிதழ் செல்லாது என்று தோற்கும். பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுந்த எமுலேட்டரில் இது சாதாரணம். கோல்டு பூட் செய்தால் சரியாகும். (விண்டோஸின் சோதனை சாதாரண ஹெச்டிடிபி என்பதால் கடிகாரம் அதைப் பாதிக்காது.) நேரம் சரியாக இருந்தும் குறி போகாவிட்டால், எமுலேட்டரை டிஎன்எஸ்-சர்வர் விருப்பத்துடன் கமாண்ட் லைனிலிருந்து தொடங்கிப் பாருங்கள். சோதனைக்கு மட்டுமே வைத்திருக்கும் எமுலேட்டரில், ஏடிபி ஷெல்லில் செட்டிங்ஸ் புட் குளோபல் கேப்டிவ்_போர்ட்டல்_மோட் 0 என்று கொடுத்துச் சோதனையையே தவிர்க்கலாம்.

செய்ய வேண்டாதவை

வின்சாக் ரீசெட், ஐபி ரீசெட், ‘நெட்வொர்க் ரீசெட்’ பொத்தான் என்ற மூன்றும் எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும். பொய் எச்சரிக்கைக்கு அவை உதவுவது அரிது. நிலையான ஐபி, விபிஎன் அடாப்டர், விர்ச்சுவல் ஸ்விட்ச் அமைப்புகளைக் கலைத்துவிடுவதோ உறுதி. ஹோஸ்ட்டில் ‘நெட்வொர்க் ரீசெட்’ கொடுத்தால் எல்லா மெஷின்களும் சேர்ந்தே பாதிக்கப்படும். ஐபிவி6-ஐ நிரந்தரமாக அணைப்பதும் அப்படியே. ஒருமுறை டிக்கை எடுத்துச் சோதித்துவிட்டு, பலன் இல்லையென்றால் திரும்பப் போட்டுவிடுங்கள்.

குறி ‘இணையம் உண்டு’ என்று காட்டியும் பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் அது இதற்கு நேர்மாறான சிக்கல். சோதனை ஃபைல் மிகச் சிறியது, எப்படியும் வந்துசேரும். ஹோஸ்ட்டின் விபிஎன்னால் பெரிய பாக்கெட்டுகள் விழுந்துகொண்டிருக்கலாம். கெஸ்ட் அடாப்டரின் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500-இலிருந்து 1400-க்கோ 1300-க்கோ குறைத்துப் பாருங்கள்.